மருதங்கேணி வீதியில் ஓர் ஓல்டோ

போயா வெள்ளிக்கிழமையில் விழுந்தது.
சேர்ந்தாற்போல் மூன்று நாள் லீவு.
அருளினி காரைக் கழுவித் துடைத்திருந்தாள்.
கேமலதா பெட்டி நிறைய மீன் பணிஸ் வாங்கியிருந்தாள்.
நான் கொண்டுபோனது ஒரு துவாய்,
அதற்குள் சுற்றி, நிறுத்தி வைத்த ஃபோன்.

மூன்று பேருக்கும் ஒரே கிளை,
ஒரே கம்பனி, ஒரே நீலச் சாறி.
லீசிங் கட்டத் தவறியவர்களின் பட்டியல்
திங்கள் காலையில் என் மேசைக்கு வரும்,
தேத்தண்ணிக்கு முன்னால்.

கீரிமலையில் கால் நனைத்தோம்.
வல்வெட்டித்துறை வளைவில் கடல்
வீதிக்கே ஏறிவிடும் போல் நின்றது.
ஒரு ஓட்டோ முந்திப் போனது.
அதன் இலக்கத்தை என் வாய் முணுமுணுத்தது.
"லீவடி!" எண்டாள் கேமா.
எனக்குத்தான் லீவு,
கண்ணுக்கு ஆர் லீவு குடுத்தது?

பருத்தித்துறை லொட்ஜில்
மின்விசிறி இரவெல்லாம் ஒரே சொல்லைச் சொன்னது.
சனி விடிய மணற்காடு.
மணல் மேடுகளில் ஏறி, சறுக்கி,
முப்பத்தொரு வயதில்
வாய்க்குள் மணல் போகச் சிரித்தோம்.
நாகர்கோவில் தாண்ட
சவுக்கு மரங்கள் காற்றை அரித்துக்கொண்டிருந்தன.
வீடுகள் குறைந்தன. பிறகு நாய்கள்.
பிறகு வீதியும் குறைந்தது.

"பூநாரை பாப்பம், சுண்டிக்குளத்தில
ஆயிரக்கணக்கில நிக்குமாம்"
என்று அருளினி ஸ்டியறிங்கைத் திருப்பிய இடத்தில்தான்
முன்சில்லு புதைந்தது.
முறுக்க முறுக்க
கார் தனக்கே குழி தோண்டியது.

வலை இழுத்துக்கொண்டிருந்த ஐந்து பேர்
கயிற்றை விட்டுவிட்டு வந்தார்கள்.
பலகை வைத்தார்கள். தென்னோலை பரப்பினார்கள்.
பொனெற்றில் கை வைத்தவன்
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என்னைப் பார்த்தான்.
பார்த்தபடியே தள்ளினான்.

எனக்கு முகங்கள் நிற்பதில்லை.
ஆனால் அந்தக் கழுத்து நரம்பு...
நாற்பத்து நாலு எழுபத்தொன்று.
ஏழு தவணை பாக்கி.
றெஜினோல்ட்.

மழைக்கால மத்தியானம், கந்தோர் வாசல்.
ஓட்டோவைப் பின்பக்கமாக
எங்கள் யார்டுக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள்.
அன்றைக்கு அவன் கத்தவில்லை.
இருக்கை ஓரத்தில் ஒட்டியிருந்த சூயிங்கத்தை
நகத்தால் சுரண்டிக்கொண்டே நின்றான்,
பிள்ளை ஒட்டினதாம்.

கார் மேலே வந்துவிட்டது.
கேமா ஆயிரம் ரூபாய்த் தாளை நீட்டினாள்.
ஒருவரும் வாங்கவில்லை.
மீன் பணிசை நீட்டினாள்.
கடற்காரருக்கு மீன் பணிஸ்!
ஐந்து பேரும் சிரித்து,
ஐந்து பேரும் எடுத்தார்கள்.

அவன் கடைசியாக வந்தான்.
"மிஸ், கண்ணாடியில
நீலச் செபமாலை ஒண்டு தொங்கினது."
"லாச்சிக்குள்ள இருக்கு.
என்வலப்பில பேர் எழுதி வைச்சிருக்கிறன்.
திங்கள் அனுப்பி விடுறன்."
அது உண்மை. பேர் எழுதினேன்,
எட்டு மாதமாய் அனுப்பவில்லை என்பதும்.

பணிசை மென்று விழுங்கினான்.
"வேண்டாம். ஏலத்தில எடுத்தவர்
ஆரெண்டாலும் அவருக்குக் குடுங்கோ.
அதுக்குப் பிரேக் கொஞ்சம் லூஸ்.
சொல்ல மறந்து போனன் அண்டைக்கு."

கயிறு இழுபடத் தொடங்கிவிட்டது.
அவன் திரும்பி ஓடினான்,
குதிக்கால்களில் ஈர மணல் தெறிக்க.

பூநாரைகள் நின்றனவாம்.
அருளினி படம் எடுத்திருக்கிறாள்,
ரோசாக் கோடொன்று, தண்ணீரின் கடைசியில்.
நான் காரை விட்டு இறங்கவில்லை.

ஞாயிறு ஆனையிறவால் போய்,
பூநகரி சுற்றி, சங்குப்பிட்டிப் பாலம் ஏறினோம்.
இரு பக்கமும் வெயில் தகரமாய்க் கிடந்தது.
முன்னால் ஓர் ஓட்டோ,
குடும்பம் நெருக்கி, பின்னால் ஒரு கோழிக்கூடை.
இலக்கம் வாசிக்கவில்லை.
இறக்கத்தில் அதன் சிவப்பு லைற்
பற்றுகிறதா, பற்றுகிறதா என்றே
பாலம் முடியும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.
"என்னடி, மூச்சே விடுறாயில்லை" எண்டாள் கேமா.